பழம் வைத்த குக்கி: கேட்டதும் சொன்னதும்

மஞ்சக்குப்பம்: அக்கா, ஜாம் வழிந்து தட்டில் கருகிவிடுகிறதே?

கடை ஜாம்தானே? சூட்டில் இளகி ஓடும். நீங்களே கிளறுங்கள். நான் வைப்பது பண்ருட்டிப் பலா. கால் கிலோ சுளையைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து மசித்து, 75 கிராம் வெல்லமும் ஒரு ஸ்பூன் நெய்யும் சேர்த்துக் கிளறுங்கள். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம். தண்ணீர் மிச்சமிருந்தால் ஆவியாகி ஓரத்தைப் பிளக்கும். முழுக்க ஆறிய பிறகே மாவில் வையுங்கள்.

மாவுக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 120, பொடித்த சர்க்கரை 60, சிட்டிகை உப்பு. நம் கடலோரப் புழுக்கத்தில் வெண்ணெய் கையிலேயே உருகும். பிசைந்ததும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், பழம் வைத்து மூடியதும் இன்னொரு கால் மணி. அப்புறம் 170 டிகிரியில் 18 நிமிடம். ஓரம் சிவந்தால் எடுத்துவிடலாம்.

லாஸ்பேட்டை: பலா வாசனை வெண்ணெயை அமுக்கிவிடும். பேரீச்சைதான் சரி.

அமுக்கட்டுமே! வெண்ணெய் வாசனைக்கு வெறும் பிஸ்கட் போதாதா?

திருப்பாதிரிப்புலியூர்: அப்படிச் சொல்லுங்கள் அக்கா. பேரீச்சை சோம்பேறிகளுக்கு.

லாஸ்பேட்டை: கிறிஸ்துமஸுக்கு 100 குக்கி சுடுகிறவள் சோம்பேறியா? டிசம்பரில் பலாவுக்கு எங்கே போவது?

கோடையிலேயே கிளறி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். போன வருஷம் தீபாவளிக்குள் டப்பா காலி, அதையும் சொல்லிவிடுகிறேன். சரி, டிசம்பருக்குப் பேரீச்சை. கொட்டை நீக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து அரையுங்கள். அரை மூடி எலுமிச்சை சேர்த்தால் திகட்டாது. இதையும் ஆறவிட வேண்டும்.

நெல்லிக்குப்பம்: ஓவன் இல்லை.

அடிகனமான பாத்திரத்தில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிச் சுடலாம். அடி சிவக்கும், மேலே வெளுத்தே இருக்கும்.

அரியாங்குப்பம்: மறுநாளே நமத்துவிடுகிறது.

பழத்தின் ஈரம் மாவில் ஏறுகிறது. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும்.

வில்லியனூர்: கோதுமை மாவில் வருமா?

வரும். ஒரு ஸ்பூன் பால் கூடுதலாகப் பிடிக்கும்.

முத்தியால்பேட்டை: ஜாம் ஏன் வழிகிறது?

முதல் பதிலைப் படியுங்கள்.

நெய்வேலி: எனக்கும் வழிகிறது.

முதல் பதில்!

மஞ்சக்குப்பம்: அக்கா, பலாவைச் சூடாகவே வைத்துவிட்டேன். வெண்ணெய் ஒழுகுகிறது.

தட்டோடு தூக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பேசிக்கொண்டிருக்காதீர்கள், ஓடுங்கள்.