ஃப்ளூவில் சோடியம் ஏன் இறங்குகிறது? பொது மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 74 வயது. ஃப்ளூ வந்து ஐந்து நாளாகிறது. நேற்று ராத்திரி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகிறது! இன்று டெஸ்ட்டில் சோடியம் 122. உப்புக் குறைவாகச் சாப்பிடுவதாலா?

பதில்: முதலில் அவரை ஐ.சி.யூ. இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் அம்மா. 135 முதல் 145 வரை இருக்கவேண்டியது 125க்குக் கீழே போய், புத்தியும் தடுமாறுகிறதென்றால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அடுத்தது வலிப்பாக இருக்கலாம்.

சாப்பாட்டு உப்பு மட்டுமே காரணமாவது அபூர்வம். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்வது ஏ.டி.எச். என்ற ஹார்மோன். நுரையீரலில் தொற்று இருந்தால் இது தேவையில்லாமலே சுரக்கும். இன்டர்லூகின்-6 மாதிரியான அழற்சிப் பொருள்கள் அதைத் தூண்டிவிடுகின்றன. குமட்டலும் வலியும் அப்படியே. சிறுநீரகம் தண்ணீரை விடாது. ‘காய்ச்சலுக்கு நல்லது’ என்று நாமும் டம்ளர் டம்ளராகக் கொடுப்போம். தண்ணீர் ஏற ஏற சோடியம் நீர்த்துப்போகும். கோவிட், ஆர்.எஸ்.வி. (குழந்தைகளுக்கு அதிகம் வரும் சுவாச வைரஸ்), ஃப்ளூ எல்லாவற்றிலும் இதைப் பார்க்கிறோம்.

பி.பி. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகிய மூன்றும் சோடியத்தை இறக்கக்கூடியவை. கூட்டு மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருப்பதைக் காட்ட பிராண்டு பெயரோடு ‘எச்’ என்ற ஓர் எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளும் இதைச் செய்யும்.

கேள்வி: எங்கள் மாமாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்கிறார்கள். பக்கத்து பெட்டில் அதே சோடியம் குறைவுக்கு சலைன் ஏற்றுகிறார்கள். ஏன் சார் இப்படி?

பதில்: எண் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. வாந்தி, பேதியில் உப்பும் நீரும் சேர்ந்து போனவருக்கு சலைன் வேண்டும். ஏ.டி.எச். அதிகமானவருக்குத் தண்ணீரைக் குறைக்கவேண்டும். அவருக்கு சாதா சலைன் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கலாம். சிறுநீரில் சோடியம், ஆஸ்மோலாலிட்டி (சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற அளவு) இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். அந்த டெஸ்ட் எடுத்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. ‘சோர்வா இருக்கார், குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று வற்புறுத்தாதீர்கள். குளுக்கோஸ் பாட்டில் என்பது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அதில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

கேள்வி: இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

பதில்: இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்து. தண்ணீரைக் குறைக்கச் சொன்னவருக்கு அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: அம்மாவுக்கு 118. ஒரு நாளாகியும் 130 வரவில்லை. மெத்தனமா?

பதில்: இல்லை, அதுதான் சரியான வேகம். 24 மணி நேரத்தில் 8, மிஞ்சிப்போனால் 10 ஏறலாம். நாள்பட்டு இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்துபோகும். சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழுந்துவிடும். வலிப்போ மயக்கமோ வந்தால் மட்டும் 3 சதவீத சலைனை 100, 150 மில்லியாக வேகமாகக் கொடுத்து 4 முதல் 6 வரை ஏற்றுவோம். அப்போதும் நாள் வரம்பு மாறாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். அந்த வேகத்தைக் கண்காணிக்கத்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தை, மூச்சு இழுக்கிறது, ஆர்.எஸ்.வி. என்றார்கள். வெந்நீர் ஆறவைத்துக் கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் தாயே. தாய்ப்பால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பவுடர் பால் என்றால் கூடுதல் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள். பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாலோ, வெட்டி இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.