அம்மாவின் முழங்காலும் சிவனொளிபாதமும்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஒருதரமாவது சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். முழங்கால் நோவும் உண்டு. கூட்டிக்கொண்டு போகலாமா? உச்சியில் இருக்கும் சுவடு சிவனுடைய பாதமா, புத்தருடைய பாதமா என்று வீட்டில் வாக்குவாதம் வேறு.
– வாசகி, வவுனியா

பதில்: முதலில் முழங்கால். பாதம் அப்புறம்.

டாக்டர் சரி என்றால் கூட்டிப் போங்கள். ரயிலில் அட்டன், அங்கிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்கு பஸ். அதற்குமேல் ஏறத்தாழ 5,500 படிகள். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இன்னும் நீளம், அது வேண்டாம். மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை சீசன். போயா நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். நெரிசலில் படியில் நின்றபடியே விடிந்துவிடும். மற்றவர்கள் மூன்று நான்கு மணித்தியாலத்தில் ஏறுவார்கள். அம்மாவுக்கு ஏழு வையுங்கள். தேத்தண்ணிக் கடை கண்ட இடத்திலெல்லாம் உட்காரட்டும்.

மஸ்கெலியாவில் பிறந்தவள் சொல்கிறேன், ஏறுவதை நினைத்துப் பயப்படாதீர்கள், இறங்குவதை நினைத்துப் பயப்படுங்கள். முதல்தரம் போனபோது எனக்கு வயது 19. கடைசிப் படிகளை நண்டு மாதிரிப் பக்கவாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மறுநாள் பாடசாலையில் மூன்றே மூன்று படி ஏற முடியவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவுக்கு ஒரு கைத்தடி அவசியம். மாற்றுச் சட்டையும் எடுங்கள். வியர்வையோடு உச்சிக் காற்றில் விடியும்வரை நின்றால் சுவெட்டர் இருந்தும் பிரயோசனமில்லை.

இனி உங்கள் வாக்குவாதம். நமக்குச் சிவன். பௌத்தருக்கு ஸ்ரீபாத, புத்தரின் பாதம். முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துக் கடைக்காரர் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாரின் பாதம் என்பார்கள். 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா வந்தபோது, வழித்துணைக்கு ஆள் கொடுத்து அனுப்பியவர் வடக்கை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி. சைவ அரசர், முஸ்லிம் யாத்திரிகர்! இபின் பதூதா இரண்டு பாதைகளைச் சொல்கிறார்: பாபா வழி, மாமா வழி. நம்முடைய மாமா இல்லை, ஆதமும் ஏவாளும். மாமா வழி சுலபம், திரும்பும்போது அதில் இறங்குவார்களாம். ஆனால் ஏறுவதற்கும் அதிலேயே போனால் யாத்திரைக் கணக்கில் சேராதாம். அந்தக் காலத்திலேயே இப்படியெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அம்மா அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விடியும்போது எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். சூரியன் மேலே வந்ததும் அம்மாவை மேற்குப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து கிடக்கும்.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தரமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். அம்மாவுக்கு ஒன்று. போன வருடம் எனக்கு முன்னால் நின்ற ஒரு சிங்களக் கிழவர் அடித்துக்கொண்டே இருந்தார். 22 வரை எண்ணினேன், அதற்குள் வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.