நீரிழிவு நாளுக்கு எங்கள் அலுவலகத்தில் முகாம் நடத்தச் சொல்கிறார்கள். அதனால் உண்மையில் பயன் உண்டா?

நவம்பர் 14 நெருங்கும்போது எங்கள் கம்பெனியிலும் இந்தப் பேச்சு வரும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங்கின் பிறந்த நாள் அது. ஏழெட்டு வருடமாக இந்த வேலையில் ஓடுகிறேன். முகாம் போடுங்கள், ஆனால் அன்றோடு விட்டுவிடாதீர்கள்.

எங்கள் முதல் முகாம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில். பேனர் கட்டி, எல்லாரும் ஒரே நிற டீ-ஷர்ட் போட்டு, விரலில் குத்திச் சுகர் பார்த்தோம். ஒரு பெரியவருக்கு 380 காட்டியது. "டாக்டரைப் பாருங்கய்யா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் போனபோது கால் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். நான் கொடுத்த சீட்டு நாலாக மடித்தபடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ், ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எதையுமே நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

அப்புறம் முறையை மாற்றினோம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் முன்கூட்டியே பேசி, சுகர் அதிகமாக இருப்பவர்களின் பெயரை முகாமிலேயே பதிய வைக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும், கம்பெனி வாங்கித் தர வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை போன் செய்து மாத்திரை வந்ததா, காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இதற்குச் செலவே இல்லை.

கம்பெனிப் பணம் நிஜமாகத் தேவைப்படுவது டைப் 1 குழந்தைகளுக்கு. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்காது, தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்தாலும், வீட்டில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் பலரும் கடையில்தான் வாங்குகிறார்கள். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு நாலு முறை என்றால் மாதம் 2400 ரூபாய்.

நாங்கள் உதவும் ஒரு சிறுமியின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்ன டப்பாவில் இன்சுலின் குப்பியை வைத்திருந்தார். நோட்டில் தேதிக்கு நாலு கட்டமாக அழகாகக் கோடு போட்டிருந்தார். காலைக் கட்டத்தில் மட்டும்தான் எண் இருந்தது. "ஸ்ட்ரிப் தீர்ந்துடும்னு பயம் தம்பி. மத்த நேரம் அவ முகத்தப் பாத்தே லோவா ஹையான்னு சொல்லிடுவேன்" என்றார். ராத்திரி இருட்டில், தூங்குகிற பிள்ளையின் முகத்தில் என்ன தெரியும்?

அவள் பள்ளிக்கும் இரண்டு பேர் போய் வகுப்பு ஆசிரியரிடம் பேசினார்கள். வியர்த்து, கை நடுங்கினால் சுகர் ரொம்ப இறங்கியிருக்கலாம், உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும், தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அரை மணி நேர வேலைதான்.

சரி, பணத்துக்கு வருவோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய ஆண்டில் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர லாபம் ஈட்டிய கம்பெனி, மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், தொடங்கிய ஆண்டுக்குப் பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் வரை தொடரும் திட்டத்துக்கும் விதியில் இடம் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு மாத ஸ்ட்ரிப் கொடுத்து போட்டோ எடுப்பதைவிட, பத்துக் குழந்தைகளுக்கு அத்தனை ஆண்டும் கொடுக்கிறோம் என்று எழுதிக் கேளுங்கள். நவம்பரில் கேட்டால் அந்த வருடப் பணம் பெரும்பாலும் ஒதுக்கி முடிந்திருக்கும். ஏப்ரலுக்கு முன்னாலேயே, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் எத்தனை பேருக்கு ஸ்ட்ரிப் தேவை என்று விசாரித்து, அந்த எண்ணோடு உங்கள் எச்ஆரிடம் போங்கள்.