திருத்துகிற கையும் தொடாத கையும்

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். வயது 22. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு, வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இரண்டு வருடமாகத் திருகோணமலை நகரில் போன் திருத்தும் கடையில் வேலை. கணினிப் பாதுகாப்பு, டிஜிட்டல் தடயவியல் பக்கம் போக ஆசை. ஆறு மாதத்தில் ‘எத்திக்கல் ஹக்கர்’ ஆக்குவதாகச் சொல்லி ஒரு வகுப்பில் மூன்று இலட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் தம்பி. நெட்வேர்க்கும் லினக்ஸ் இயங்குதளமும் தெரியாமல் போனால் அங்கே கருவிகளின் பெயர்தான் பாடமாகும். அந்தக் காசில் ஒரு பங்குக்கு 16 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப் வாங்கலாம்.

கடை அனுபவம் நல்ல மூலதனம். ஆனால் கடைப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். போன் கைக்கு வந்ததும் ஓப் பண்ணி ஓன் பண்ணிப் பார்ப்பீர்கள் அல்லவா? தடயவியலில் அதைவிடப் பெரிய பிழை இல்லை. ஓன் ஆன பிறகு ஒரு தடவையாவது பூட்டுத் திறக்கப்பட்ட போனில், தரவைத் திறக்கும் சாவிகள் நினைவகத்தில் இருக்கும். ஓப் செய்தால் அவை போய்விடும். பிறகு கடவு எண் இல்லாமல் உள்ளே போவது பெரும்பாடு. ஓனாக இருப்பதை ஓனாகவே விட்டு, தூரத்திலிருந்து யாரும் அழிக்காதபடி அலைத்தொடர்பைத் துண்டித்து, சார்ஜ் குறையாமல் வைத்திருக்க வேண்டும். திருத்துபவருக்குப் பொருள் வேலை செய்தால் போதும். தடயவியல் செய்பவருக்கோ அது கிடைத்தபடியே இருக்க வேண்டும்.

இதைக் கைப்படப் பழக ஒரு பழைய 8 ஜிபி பென்ட்ரைவ் போதும். ஃபட்32 என்ற கோப்பு முறையில் ஃபோர்மட் செய்து, பத்துப் படங்களைப் போட்டு, நான்கை அழியுங்கள். கழற்றிவிட்டு, டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும், இலவசமாகக் கிடைக்கும் எஃப்டிகே இமேஜர் மென்பொருளை லப்டொப்பில் நிறுவுங்கள். பென்ட்ரைவை மறுபடி செருகி, ‘பிசிக்கல் டிரைவ்’ என்பதைத் தெரிவுசெய்து, ஈ01 என்ற தடயவியல் கோப்பு வடிவில் பிரதி எடுங்கள். ‘லொஜிக்கல்’ என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு பகுதி மட்டுமே வரும். பிரதியைச் சேமிப்பது வேறு டிஸ்க்கில். அதே பென்ட்ரைவில் எதையாவது எழுதினால் அழிந்த படத்தின் இடத்தில் அது போய் உட்காரும். முடிவில் எம்டி5, ஷா1 என்று இரண்டு எண் வரிசைகள் வரும். இவற்றை ‘ஹாஷ்’ என்பார்கள், உள்ளே சிறிது மாறினாலும் இவையும் மாறிவிடும். கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பென்ட்ரைவைக் கழற்றி, வேறொரு விண்டோஸ் கணினியில் சும்மா செருகி எடுத்துவிட்டு, இன்னொரு பிரதி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எண்கள் மாறியிருக்கும். நீங்கள் ஒன்றையும் தொடவில்லை. விண்டோஸ்தான் ‘சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன்’ என்ற கோப்புறையைத் தானாக எழுதிவிடுகிறது. எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ‘ரைட் புளொக்கர்’ என்ற பெட்டி இல்லாமல் சாட்சிப் பொருளைச் செருகக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் பிரதியை ஓட்டொப்சி என்ற தடயவியல் ஆய்வு மென்பொருளில் திறந்தால் அழித்த நான்கு படங்களும் பெரும்பாலும் கிடைக்கும். அழிக்கும்போது ஃபட்32 பெயரின் முதல் எழுத்தைக் குறிமாற்றி, இடம் காலி என்று பதிகிறது. படம் அங்கேயே கிடக்கிறது. எஸ்எஸ்டியில் இதே நம்பிக்கையோடு இருக்காதீர்கள். அங்கே ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு காலியான இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். ஓட்டொப்சியில் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைக்கவும் மறக்காதீர்கள். ஃபட்32 உள்ளூர் நேரத்தையும், விண்டோஸின் இன்னொரு கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தையும் பதிகின்றன. இதைக் குழப்பினால் இரவு எட்டு மணிக்கு நடந்தது பிற்பகல் இரண்டரைக்கு நடந்ததாகி, குற்றமற்றவர் ஒருவர் மாட்டிக்கொள்வார்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். “மனுசியின்ட போனைக் கொஞ்சம் திறந்து தாங்கோ” என்று கேட்டு வருவார்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதற்கு 5 வருடம் வரை சிறை உண்டு. ‘கணவன்தானே கேட்டார்’ என்பது பதிலாகாது. இந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கு உங்கள் பெயரில் இருந்தால் கதவு சாத்தியதுதான்.

படிப்புக்கு, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி வெளிவாரிப் பட்டத்தை வேலையை விடாமல் படிக்கலாம். ஆங்கில மொழிமூலம், அதற்குத் தயாராகுங்கள். பக்கத்தில் சிசிஎன்ஏ சான்றிதழ் அளவுக்கு நெட்வேர்க், பிறகு ‘செக்யூரிட்டி பிளஸ்’ என்ற பாதுகாப்புச் சான்றிதழ். லினக்ஸ் பழக ‘ஓவர்தவயர்’ தளத்தின் ‘பண்டிட்’ விளையாட்டு இலவசம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி பயிற்சிக்கென்றே வழக்குப் பிரதிகளை வெளியிட்டிருக்கிறது. அதில் ‘ஹக்கிங் கேஸ்’ என்ற பழைய லப்டொப்பில் தொடங்குங்கள்.

வேலை என்று வந்தால், தடயவியல் என்ற பெயரில் இடங்கள் குறைவு. வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் இரவு ஷிப்ட்டில் நுழைவதுதான் நடைமுறை வழி. பெரும்பாலும் கொழும்புதான். இரண்டு வருடம் எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்த்த பிறகு தடயவியல் பக்கம் திரும்பலாம்.

நேர்முகத்துக்குச் சான்றிதழோடு அந்தப் பென்ட்ரைவ் பயிற்சியின் அறிக்கையையும் கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குச் செருகினீர்கள், தொடர் இலக்கம் என்ன, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன எண் வந்தது, எங்கே பிழை வந்தது. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். கணினி பழகாத நீதவானுக்கு ‘ஹாஷ்’ என்றால் என்னவென்று மூன்று வரித் தமிழில் விளங்கப்படுத்த முடிகிறதா என்று வீட்டில் அம்மாவிடமே சொல்லிப் பாருங்கள்.