வேண்டாத நூல்களை எடுத்துவிடலாமா?

கேள்வி: இ-ஸ்வார்ட் என்ற பைபிள் ஆய்வு மென்பொருளில் ஞாயிறு வகுப்புக்குப் பாடம் தயாரிக்கிறேன். ஆர்வத்தில் இறக்கிய விளக்கவுரைகளும் அகராதிகளும் குவிந்து கிடக்கின்றன. எப்படி நீக்குவது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, அதற்காக மென்பொருளையே அழித்துவிடாதீர்கள், அவசியமே இல்லை. விண்டோஸில் ஒவ்வொரு நூலும் தனித்தனி ஃபைல்தான். முதலில் இ-ஸ்வார்டை மூடுங்கள், அப்புறம் 'சி' டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் (பல கணினிகளில் 'புரோகிராம் ஃபைல்ஸ் x86') இருக்கும் அதன் ஃபோல்டரைத் திறந்து, வேண்டாத நூலின் ஃபைலை மட்டும் 'கட்' செய்து வேறொரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், மறுபடி திறந்தால் அந்த நூல் வரிசையில் இருக்காது. உடனே டெலீட் வேண்டாம். பைபிளின் மூலச் சொற்களுக்கு எண் கொடுத்து விளக்கும் ஸ்ட்ராங் அகராதியை எடுத்துவிட்டால், அந்த எண்கள் சேர்ந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பில் (KJV+) எண்ணைத் தொட்டுப் பார்க்கும் எபிரெய, கிரேக்க அர்த்தம் வராது, வகுப்புக்கு அது வேண்டும். நீங்கள் எழுதிய குறிப்புகளும் தனி ஃபைல்கள்தான், அவற்றை முதலில் பென்டிரைவில் நகலெடுங்கள்.