சிறு நடுக்கங்களின் கணக்கு

வணக்கம்.

மலையடிவாரங்களில் தரைக்கு மேலே தெரியாத நிலநடுக்கப் பிளவுகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்னொன்று: சிறிய நடுக்கங்கள் அடிக்கடி வந்தால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பெரியது வராது என்கிறார்களே, உண்மைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் இந்த ஆறுதலைச் சொல்லிவிடுகிறார். கணக்குப் போட்டால் அது நிற்காது. நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகும். அப்படியென்றால் ஒரு 8 அளவு நடுக்கத்தின் ஆற்றலைத் தீர்க்க, 4 அளவு நடுக்கங்கள் 10 லட்சம் வேண்டும். ஆனால் இயற்கையில் ஓர் எண் இறங்கும்போது எண்ணிக்கை சுமார் 10 மடங்குதான் பெருகுகிறது. ஒரு எட்டுக்கு ஈடாக வருபவை ஏறத்தாழ 10,000 நான்குகள். நூற்றில் ஒரு பங்கு தீரும், மீதிப் பாக்கி அப்படியே நிற்கும். சிறு நடுக்கங்களால் பிளவுக்குப் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. ஆதாயம் நமக்குத்தான்: மறைந்திருக்கும் பிளவை அவை காட்டிக்கொடுக்கின்றன.

நிலம் நெருக்குண்டு ஒரு பகுதி மற்றொன்றின்மேல் ஏறும் இடங்களில், பிளவு மலைக்கு அடியில் சாய்வாக இறங்குகிறது. அதன் மேல்நுனி பல இடங்களில் தரையைத் தொடுவதில்லை. மேலிருக்கும் பாறையடுக்குகள் மடிந்து மேடாகும். ஆறுகள் வண்டலைக் கொட்டி அதையும் மூடிவிடும். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜை உலுக்கிய 6.7 அளவு நடுக்கம் இப்படிப் புதைந்துகிடந்த ஒரு பிளவிலிருந்துதான் வந்தது.

இனி, கண்டுபிடிக்கும் விதம். நிலநடுக்கமானியில் வேகமான அழுத்த அலை முதலில் பதிவாகும், மெதுவான குறுக்கலை பிறகு. இடைவெளி 5 விநாடி என்றால் மையம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பல நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்தால் இடமும் ஆழமும் கிடைத்துவிடும். ஆனால் எல்லாப் பாறையும் அலையை ஒரே வேகத்தில் கடத்தாது. கணக்கு கிலோமீட்டர் அளவில் பிசகும். ஆயிரம் நடுக்கங்களைப் புள்ளி வைத்து வரைந்தால் உருவமற்ற குவியல்தான் மிஞ்சும்.

இங்கே வரும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அருகருகே நிகழ்ந்த இரண்டு நடுக்கங்களின் அலைகள் ஒரே நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரே பாதையில் வருகின்றன. பாதையால் வரும் பிழை இரண்டுக்கும் பொது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்தப் பிழை ஒழிந்து, இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு துல்லியமாகக் கிடைக்கிறது. 2000இல் நிலநடுக்க ஆய்வாளர்கள் வால்ட்ஹவுசரும் எல்ஸ்வொர்த்தும் இதை முறைப்படுத்தினார்கள். பிசிறடித்த குவியல் ஒடுங்கி, சாய்ந்த மெல்லிய தகடாகிறது. அந்தத் தகடுதான் பிளவு. ஒவ்வொரு நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதையும் பார்ப்பார்கள். அது எப்போதும் பிளவாக இருக்கக்கூடிய இரண்டு தளங்களைக் காட்டி நம்மைக் குழப்பும். எது நிஜம் என்பதைத் தகட்டின் சாய்வு தீர்த்துவைக்கும்.

1999இல் ஷா, ஷியரர் என்ற ஆய்வாளர்கள், 1987இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வந்த விட்டியர் நாரோஸ் நடுக்கத்தின், அதன் பின்னதிர்வுகளின் மையங்களை இவ்வாறு திருத்தி, எண்ணெய் தேடியவர்கள் எடுத்து வைத்திருந்த நிலத்தடிப் படங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அடியிலேயே பியூன்டே ஹில்ஸ் பிளவு வெளிப்பட்டது.

இதை வைத்து, நடுக்கமே இல்லாத இடம் பத்திரமானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நேபாளத்தில் சிறு நடுக்கங்கள் உயர் இமயமலையின் முன்விளிம்புக்குக் கீழே, 10 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு பட்டையாக நிகழ்கின்றன. அதற்கு வடக்கே சூடான ஆழத்தில் பிளவு சத்தமில்லாமல் நழுவுகிறது. தெற்கே பூட்டிக்கிடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கம் இந்த எல்லையில் வந்து முட்டுவதால்தான் அந்தப் பட்டை. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் அறுபட்டது, பட்டைக்குத் தெற்கே அமைதியாக இருந்த பகுதி. சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அப்போதும் முறிவு மலையடிவாரத் தரைவரை வந்து சேரவில்லை. முன்பகுதி இன்னும் பூட்டியே இருக்கிறது.

நாளும் நேரமும் இதிலிருந்து கிடைக்காது. தகட்டின் நீள அகலம் தெரிந்தால், அது எவ்வளவு பெரிதாக அறுபட முடியும், குலுக்கல் எங்கே கடுமையாக இருக்கும் என்று மதிப்பிடலாம். அணையும் மருத்துவமனையும் கட்டுகிறவர்கள் கேட்பது அந்த மதிப்பீட்டைத்தான்.