தலைக்கவசம் இல்லாமல் பாய்ந்தவளும் வளைந்து விழுந்த மதுவும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஒரு பிடிப்பு வரட்டும் என்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விண்வெளித் தொடர்களின் துண்டுக் காட்சிகளைப் போனில் காட்டி, "எங்கே பிழை?" என்று கேட்பேன்.

'த எக்ஸ்பான்ஸ்' தொடரில் ஒருத்தி தலைக்கவசமும் விண்ணுடையும் இல்லாமல் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் பாய்கிறாள். சாகவில்லை. இரத்தம் கொதித்திருக்கும், உடம்பு உறைந்திருக்கும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் பிழை என்றே பலகையில் எழுதினேன். அதே தொடரில், சீரிஸ் என்ற சின்னக் கோளில் ஒருவர் மதுவை ஊற்ற, அது வளைந்து வந்து கிளாசில் விழுகிறது. சுழலும் இடத்தில் விழும் பொருள் பக்கவாட்டில் விலகுவதுபோல் தெரியும் கொரியோலிஸ் விளைவைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாராட்டினேன்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர், "பொய்க்கதையில் பிழை தேடுவது வெட்டி வேலை, அந்த நேரத்தில் பழைய வினாத்தாள் செய்யலாமே" என்கிறார். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கே சிவனொளிபாத மலையை இடம் மாற்றிவிட்டார் என்றும் சொல்கிறார். உண்மையா? எந்தப் பிழையை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது?

இன்னொன்று. என் மாணவன் ஒருவன் செவ்வாய்க் கோளில் தேயிலைத் தோட்டம் என்று கதை எழுதித் தந்திருக்கிறான். தோட்டம் கண்ணாடிக் கூரைக்குள் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண் வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறாள். செவ்வாயில் கூடை லேசு என்பதால் ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய 18 கிலோவை விளையாட்டாக எடுத்து முடிக்கிறாள். என்ன சொல்லித் திருத்துவது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

பலகையில் எழுதியதை இடம் மாற்றி எழுத வேண்டியிருக்கும். பாய்ந்தவள் பெரும்பாலும் சரி. வளைந்து விழுந்த மதுதான் பிழை.

வெற்றிடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த விஷயத்தில் மலைநாட்டுக்காரருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். நுவரெலியாவில் பருப்பு அவியச் சுணங்கும். ஊர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; வளியமுக்கம் குறைவு; தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அடுப்பில் எத்தனை விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. இன்னும் மேலே போனால் கொதிநிலை இன்னும் இறங்கும். சுமார் 19 கிலோமீற்றர் உயரத்தில் தண்ணீர் 37 பாகையில், அதாவது நம் உடம்புச் சூட்டிலேயே, கொதிக்கும். விண்வெளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் பிள்ளைகள் சொன்னது சரிதானே என்பீர்கள். இல்லை. இரத்தம் திறந்த சட்டியில் இல்லை. நாளங்களின் சுவரும் தோலும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, உள்ளே அமுக்கம் இருக்கிறது. உடம்பு வீங்கும், ஆனால் வெடிக்காது. கொதிப்பது வெளியே திறந்திருக்கும் ஈரம்தான். 1966இல் ஹூஸ்டனில், நாசாவின் வெற்றிட அறைக்குள் விண்ணுடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு தொழில்நுட்பவியலாளரின் அமுக்கக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 வினாடியில் அவர் நினைவிழந்தார். அதற்கு முன் கடைசியாக அவருக்குத் தெரிந்தது, நாக்கில் உமிழ்நீர் கொதித்ததுதான். அறைக்குள் காற்றை விட்டதும் நினைவு திரும்பியது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

உடனே உறைந்துபோவதும் நடக்காது. பாடசாலைக்கு நீங்கள் கொண்டுபோகும் பிளாஸ்க்கின் இரண்டு சுவருக்கும் நடுவில் இருப்பது என்ன? வெற்றிடம். தேத்தண்ணீர் மதியம்வரை சூடாக இருப்பதற்கு அதுவே காரணம். வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகக் காற்று இல்லாத இடத்தில் உடம்பு கதிர்வீச்சால்தான் சூட்டை இழக்கவேண்டும், அது ஆறுதலாக நடக்கிற காரியம். ஆக, பாய்ந்தவளுக்கு உண்மையான ஆபத்து குளிரும் அல்ல, கொதிப்பும் அல்ல. மூளைக்கு ஒட்சிசன் போகாமல் பத்துப் பதினைந்து வினாடியில் வரும் மயக்கம். தொடரை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் பாய்வதற்கு முன் அவள் ஒட்சிசன் செறிந்த இரத்தத்தை ஊசியால் ஏற்றிக்கொள்கிறாள். அந்த ஊசி கற்பனை. ஆனால் கற்பனையைச் சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "உறைந்துபோவாள்" என்று பிள்ளைகள் எதை வைத்துச் சொன்னார்கள்? பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை. வேறு தொடர்களிலும் படங்களிலும் வெளியே விழுந்தவன் கண்மூடித் திறப்பதற்குள் பனிக்கட்டியாகிவிடுவான், அதைப் பார்த்துத்தான். ஒரு தொடரின் பிழையை வைத்து இன்னொரு தொடரின் சரியைத் திருத்தியிருக்கிறோம்.

சரி, மது. சீரிஸின் குறுக்களவு சுமார் 940 கிலோமீற்றர். கதைப்படி அதைச் சுழற்றி, உள்ளே சுரங்கங்களில் இருப்பவர்களுக்குப் பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு கிடைக்கச் செய்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆரைக்கு அது கிடைக்க, ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒரு சுற்றுப் போதும். உங்கள் உயர்தரப் பிள்ளைகள் யாராவது இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 40 நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுழலும் இடத்தில், போத்தலிலிருந்து 20 சென்ரிமீற்றர் விழுகிற மது பக்கவாட்டில் எவ்வளவு விலகும்? நான் போட்ட கணக்கில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. ஒரு தலைமயிர்த் தடிப்பு. கண்ணுக்குத் தெரியும்படி வளையவேண்டுமானால் நிலையத்தின் ஆரை சில பத்து மீற்றராக இருக்கவேண்டும், அது விறுவிறென்று சுழலவேண்டும்.

பெரிய பிழை அதற்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. சீரிஸின் சொந்த ஈர்ப்பு பூமியுடையதில் நூற்றில் மூன்று பங்குதான். அதைப் போலப் பத்து மடங்கு விசையோடு வெளியே தள்ளுகிற வேகத்தில் சுழற்றினால் மது வளைகிறதா என்று பார்க்கச் சீரிஸே மிஞ்சாது, கல்லும் பனியுமாகப் பிய்ந்து போய்விடும்.

அந்தத் தொடரை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வந்தவற்றுள் பௌதிகவியலை அந்தளவு மதித்தவை குறைவு. நான் சொல்ல வந்தது வேறு: நம்பமுடியாததாகத் தெரிந்த காட்சி தேறிவிட்டது, படித்தவர் மெச்சும்படி இருந்த காட்சி விழுந்துவிட்டது. பார்வையால் மட்டும் பிழை பிடிக்க முடியாது. உங்கள் வெள்ளிக்கிழமைப் பாடத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள். பிழை என்று கை தூக்குபவர் ஓர் எண்ணோடு வரவேண்டும். பழைய வினாத்தாள் கேட்கும் ஆசிரியருக்கும் அதற்குப் பிறகு குறை இருக்காது. அதே வட்ட இயக்கம், அதே அமுக்கம்.

எதை மன்னிக்கலாம் என்று கேட்டீர்கள். கதை முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்கும் பொய்யை நான் தாராளமாகக் கொடுத்துவிடுவேன். ஒளியை விட வேகமாகப் போகும் கப்பல் இல்லாவிட்டால் 'ஸ்டார் ட்ரெக்' இல்லை, கொடுத்தாயிற்று. ஆனால் அதே தொடரில், 1967இல் ஒளிபரப்பான ஒரு விசாரணைக் காட்சியில், கணினியின் கேட்கும் திறனை "ஒன்றின் நான்காம் அடுக்கு" அளவுக்குக் கூட்டலாம் என்று கப்டன் கம்பீரமாகச் சொல்வார். ஒன்றை எத்தனை தரம் ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றுதான். எனக்கு அதில் கோபமே இல்லை, யாருக்கும் கெடுதல் செய்யாத பிழை. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், வகுப்பே உங்கள் கையில்.

1975இல் வந்த 'ஸ்பேஸ்: 1999' வேறு ரகம். நிலவில் புதைத்த அணுக்கழிவு வெடிக்க, நிலவு பூமியை விட்டுக் கிளம்பி அண்டவெளியில் ஊர் சுற்றப் போகிறது. நிலவு பூமியின் பிடியிலிருந்து கழன்றுகொள்ளவே, மனிதன் வெடித்ததில் மிகப் பெரிய குண்டைப் போல, அதாவது 1961இல் சோவியத் யூனியன் வெடித்த 50 மெகாதொன் குண்டைப் போல, குறைந்தது 15,000 கோடிக் குண்டு வேண்டும். அதுவும் ஒரு துளி சக்தி வீணாகாமல். பிறகு அது வாரத்துக்கு ஒரு புதுக் கோளைச் சந்திக்கிறது. மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கு ஒளியே நாலு வருடத்துக்கு மேல் எடுக்கும்! விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டு எழுதினார்.

'டொக்டர் ஹூ'வில் 2014இல் வந்த கதையில் நிலவு ஒரு முட்டை. உள்ளே குஞ்சு வளர வளர நிலவின் பாரம் கூடுகிறது. கோழி வளர்க்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இது பிழை என்று நிரூபிக்கலாம், ஒரு நல்ல தராசு இருந்தால் போதும். அடைக்கு வைத்த முட்டை பாரம் கூடாது. ஓட்டின் நுண்துளைகளால் நீராவி வெளியேறி, 21 நாளில் பத்து வீதத்துக்கு மேல் பாரம் குறைந்திருக்கும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் எப்படிக் கூடும்?

நான் மன்னிக்காத பிழை ஒன்று உண்டு, அது கூர்ப்பை, அதாவது உயிர்களின் பரிணாமத்தை, பற்றியது. 1996இல் 'ஸ்டார் ட்ரெக்: வொயேஜர்' தொடரில் இரண்டு பேர் அளவற்ற வேகத்தில் போனதால் உடம்பு மாறி, பல்லி மாதிரியான ஈரப் பிராணிகளாகி, குட்டியும் போடுகிறார்கள். மனித இனத்தின் வருங்காலக் கூர்ப்பாம். தனி ஆள் கூர்ப்படைவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம்தான் மாறும். அதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த பாதையும் கிடையாது. இந்த ஒரு பிழைக்கு மட்டும் ஏன் இத்தனை கோபம் என்றால், அது உயிர்களைக் கீழ்ப்படி மேற்படி என்று அடுக்கிய ஏணியைப் பிள்ளைகள் மனதில் நட்டுவிடுகிறது. தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று நம் ஆட்களுக்கு ஏணிகளைப் போதுமான அளவு காட்டியாயிற்று.

கிளார்க் விஷயம் உண்மைதான். 1979இல் வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் இலங்கையைத் தப்ரபேன் என்ற பெயரில் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்தார். நம் மலையின் உயரத்தையும் இரு மடங்காக்கினார். நிஜத்தில் அது 2,243 மீற்றர். காரணம் இருக்கிறது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை அது. வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,800 கிலோமீற்றரில் இருக்கிறது. வடத்தைக் கீழே கட்ட உகந்த இடமும் அந்தக் கோடுதான். நாம் 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில், கொஞ்சம் வடக்கே தள்ளிக் கிடக்கிறோம். இதையெல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று அவரே நூலில் எழுதிவைத்துவிட்டார். இதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? அந்தச் சுற்றுப்பாதையில் தொடர்பாடல் செய்மதிகளை நிறுத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதிய மனிதர். லயத்துக் கூரைகளில் கிட்டத்தட்ட வான உச்சியைப் பார்த்தபடி நிற்கும் டிஷ் அன்டனாக்கள் எல்லாம் அந்தப் பாதையைத்தான் பார்க்கின்றன. நம் பிள்ளைகள் இந்தத் தொடர்களைப் பார்ப்பதும் பாதி அவர் புண்ணியத்தில்.

இனி உங்கள் மாணவன். கண்ணாடிக் கூரை இருக்கட்டும், தோட்டம் இருக்கட்டும், கேட்டு வாங்கிய பொய்கள். பிளேன்டீயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். செவ்வாயின் வளியமுக்கம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் அங்கே சைபர் பாகைக்குப் பக்கத்திலேயே கொதிக்கும். வெளியே பாறையில் பிளாஸ்க்கைத் திறந்தால் தேத்தண்ணீர் பொங்கி நுரைத்து ஆவியாகும். போகிற ஆவி சூட்டையும் கொண்டுபோவதால் மிச்சம் உறைந்துவிடும். கூரைக்குள்ளும் அமுக்கம் எவ்வளவு என்று அவன் முடிவு செய்யவேண்டும். பாதி வளிமண்டலம் என்றால் தண்ணீர் 81 பாகை அளவில் கொதிக்கும், சாயம் சரியாக இறங்காது. பெரியவர்கள் கட்டாயம் குறை சொல்வார்கள், அதை எழுதட்டும்.

அப்புறம் அந்தப் 18 கிலோ. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 வீதம். கூடை முதுகுக்கு லேசாகத்தான் இருக்கும், அவன் எழுதியது சரி. ஆனால் நிறுவையில் என்ன நடக்கும்? பூமியிலிருந்து கொண்டுபோன விற்றராசில் தொங்கவிட்டால் 18 கிலோக் கொழுந்து 7 கிலோவுக்கும் குறைவாகக் காட்டும். முள் 18க்கு வரவேண்டுமானால் அவள் 47 கிலோ எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். படிக்கல் வைத்து நிறுக்கும் தராசு என்றால் இந்தச் சிக்கல் இல்லை, படிக்கல்லும் அதே அளவுக்கு லேசாகிவிடும். திணிவு, நிறை வித்தியாசம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது, நான் விளக்கத் தேவையில்லை. கணக்கப்பிள்ளை எந்தத் தராசைக் கொண்டுபோனார், தெரிந்துதான் கொண்டுபோனாரா என்று பையனிடம் கேளுங்கள். அவன் எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.